கதவுக்குப் பின்னால் நின்ற மாமி

1977-ஆம் ஆண்டில் மாதம் இருமுறை சென்னைக்காரர்கள் மக்தூம் எழுதிய நகைச்சுவைத் தொடரைப் பார்த்துச் சிரித்தார்கள். காயல்பட்டினத்தில் அதைப் பார்த்தவர் ஒருவருமில்லை, எழுதிய மக்தூம் உட்பட. தொலைக்காட்சி அலை சென்னையைவிட்டு வெகுதூரம் போகாத காலம். தூத்துக்குடிப் பக்கம் அது எப்போது வரும் என்று துறைமுகத்தில் நண்பர்கள் ஏங்கினார்கள். மக்தூம் ஐந்து வேளைத் தொழுகையிலும் அது வராமலிருக்க துஆ கேட்டார்.

அவருடைய வாப்பா சிலோனில் ரத்தினக்கல் வியாபாரம் செய்து நொடித்துத் திரும்பியவர். மகனாவது கடல் தாண்டாமல் பிழைக்கட்டும் என்று பாளையங்கோட்டையில் பி.காம். படிக்க வைத்தார். மகன் சொல் தட்டாதவர். கடல் தாண்டவில்லை, கடல் தாண்டிப் போகும் உப்புக்கும் கருவாட்டுக்கும் காகிதம் எழுதும் வேலையில், தூத்துக்குடியில் ஒரு கிளியரிங் ஏஜெண்டிடம் சேர்ந்தார். காலையில் ஒரு மணி நேரம் பஸ், மாலையில் ஒரு மணி நேரம் பஸ். காகிதமும் பேனாவும் மடியில் இருக்க, பஸ்ஸில் வேறென்ன செய்வது? சிரிப்பு நாடகங்கள் எழுதினார். நேரில் அவரைப் பார்த்து யாரும் சிரித்ததில்லை. பஸ் டிக்கெட்டை இறங்கிய பிறகும் இரண்டு நாள் பத்திரமாக வைத்திருக்கும் ஆள் அவர், யாராவது கேட்டால்?

அந்த நாடகங்களைத் திருநெல்வேலி வானொலியில் எடுத்துக்கொண்டிருந்த தேவபிரசாதம் என்ற நாசரேத்துக்காரர் சென்னைத் தொலைக்காட்சிக்கு மாற்றலாகிப் போனார். போன இடத்திலிருந்து கடிதம் போட்டார். கால் மணி நேரம், பத்துப் பகுதி, ஒரே குடும்பம், வாய்விட்டுச் சிரிக்க வேண்டும்.

மக்தூமுக்கு உள்ளும் புறமும் தெரிந்த குடும்பம் ஒன்றுதான். அது அவர் மனைவி ருகையாவின் குடும்பம். காயல்பட்டினத்தில் வீடு பெண்ணுக்கு. கல்யாணமானால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போக வேண்டும். மற்ற ஊர்களில் அப்படிப் போகிறவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். இங்கே போகாதவனைப் பார்த்துச் சிரிப்பார்கள். மாமனார் கொழும்பில். வீட்டை ஆண்டது மாமியார் பதுருன்னிஸா. அந்த வீட்டு வழக்கப்படி அவர் மருமகன் முன்னால் வருவதில்லை. ஒன்பது வருஷமாக அடுக்களைக் கதவுக்கு அந்தப் பக்கம் நின்றே பேசினார். "ஏளா ருகையா, மாப்பிள்ளைக்கு இன்னொரு துண்டு மீனு வையி" என்று கதவு சொல்லும். மாப்பிள்ளைமார் பொழுதோடு வீடு வந்து சேருவதுதான் அழகு என்றும் கதவு சொல்லும். சொல்வது மகளிடம். கேட்டுக்கொள்ள வேண்டியவர் மக்தூம்.

ஆகவே தொடரில் வந்த மாமியும் கதவுக்குப் பின்னாலேயே நின்றார். முதல் இரண்டு பகுதிகளைப் படித்த தேவபிரசாதம் பரவசமாகி எழுதியிருந்தார். முக்கியமான பாத்திரத்தைக் கண்ணில் காட்டாமல் குரலை மட்டும் வைத்தே நடத்தும் உத்தி தமிழுக்கே புதிதாம். மக்தூம் அந்த வரியைத் திரும்பத் திரும்பப் படித்தார். ஒரு மாமியார் வேறெங்கே நிற்பார் என்று அவருக்கு விளங்கவில்லை.

பாராட்டு வந்த நாளிலிருந்து சோறு இறங்கவில்லை. குரலைத்தானே கொடுத்தோம், முகத்தைக் கொடுக்கவில்லையே என்று தன்னைத் தேற்றிக்கொண்டார். ஆனால் மாமிக்குத் தெரிந்து, என்னை ஊர் சிரிக்க வைத்தவருக்கு என் வீட்டில் சோறில்லை என்று கதவு ஒரு வார்த்தை சொல்லிவிட்டால், போக அவருக்கு வேறு வீடு கிடையாது. உம்மா வீடு தங்கச்சிக்கு என்று எழுதியாகிவிட்டது. ருகையாவுக்கோ ஏழு மாதம். பிள்ளை பிறக்கப்போவதும் அதே வீட்டில்.

எட்டாம் பகுதி ஒளிபரப்பான பிறகு அடுத்த கடிதம் வந்தது. மாமியின் முகத்தைப் பார்த்தே தீருவோம் என்று நேயர்கள் மூட்டை மூட்டையாக எழுதுகிறார்கள். பத்தாம் பகுதியில் மாமி வெளியே வருகிறார் என்று அறிவித்தாயிற்று. முழியை உருட்டுவதில் பேர்போன ஒரு நாடக நடிகை கிடைத்திருக்கிறார். சனிக்கிழமைக்குள் எழுதி அனுப்பாவிட்டால் தானே எழுதிக்கொள்வதாகத் தேவபிரசாதம் அன்போடு முடித்திருந்தார்.

அந்த வாரமே ருகையாவின் தாய்மாமா முத்துவாப்பா ஒரு கல்யாணத்துக்காகச் சென்னையிலிருந்து வந்தார். மண்ணடியில் கண்ணாடிச் சாமான் கடை. கடையில் தொலைக்காட்சிப் பெட்டி உண்டு. வியாழக்கிழமை ரயிலடிக்குப் போய் அழைத்துவர மாப்பிள்ளைக்கே உத்தரவானது. பஸ்ஸில் முத்துவாப்பா கல்யாணத்தைப் பற்றிப் பேசினார், மழையைப் பற்றிப் பேசினார். ஆத்தூர்ப் பாலத்தைத் தாண்டும்வரை தொலைக்காட்சி என்ற சொல்லே வரவில்லை. மக்தூமுக்கு மூச்சு வந்தது. சாகுபுரம் விளக்குகள் தெரிந்தபோது முத்துவாப்பா தன் பையைத் தட்டிக்கொண்டே சொன்னார்:

"கடையில டம்ளர் அடுக்கிக்கிட்டு நிக்கிறேன். பொட்டிக்குள்ள எங்க லாத்தா பேசுது. ஆறு டம்ளர் போச்சு, மாப்பிள்ளை."

லாத்தா என்று அவர் சொன்னது தன் அக்கா பதுருன்னிஸாவை.

மறுநாள் அந்திப்பொழுது மஃரிப் தொழுகை முடிந்து சாப்பிட உட்கார்ந்தார். ருகையா சோறு வைத்துவிட்டு, முகம் பார்க்காமல் போய் நின்றுகொண்டாள். மீன் துண்டைப் பற்றிக் கதவு எதுவும் சொல்லவில்லை. ஒன்பது வருஷத்தில் அது முதல் தடவை. மக்தூம் வெறும் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

"மாப்பிள்ளை" என்றது கதவு. மகளை நடுவில் வைக்காமல் நேராக.

"சொல்லுங்க மாமி."

"மெட்ராஸ்ல என்னைய வெளியே வரச் சொல்லுதாங்களாமே?"

அவளை என்று சொல்லவில்லை, என்னைய என்றார். மக்தூம் எச்சில் கையோடு எழுந்து நின்றார். அந்தப் பாத்திரம் முழுக்கக் கற்பனை என்று சொல்லப் பஸ்ஸில் பலமுறை ஒத்திகை பார்த்து வைத்திருந்த வசனத்தை அப்படியே விட்டுவிட்டார்.

"நான் எழுதமாட்டேன், மாமி. ஆனா நான் எழுதலன்னா அவங்களே எழுதிக்கிடுவாங்க."

"எழுதட்டும். அவங்களுக்கு என்ன தெரியும்? கதவைத்தானே திறப்பாங்க?"

"ஆமா."

"திறக்கட்டும். நான் கொல்லைப்பக்கம் முடுக்கு வழியா அடுத்த வீட்டுக்குப் போயிருப்பேன்."

காயல்பட்டினத்தில் வீடுகளுக்குப் பின்னால் ஓடும் குறுகிய சந்து அது. பெண்கள் தெருவில் தலை காட்டாமலே ஊர் முழுக்கப் போய்வர அதுவே பாதை. நாற்பது வருஷம் அதில் நடந்து பழகியவருக்கு அந்த யோசனை வர நேரமாகவில்லை. ஒன்பது வருஷம் வாசல் வழியாகவே வந்துபோன எழுத்தாளருக்கு அது தோன்றியிருக்கவே செய்யாது.

சனிக்கிழமை தபாலில் பத்தாம் பகுதி போயிற்று. மாப்பிள்ளை நடுங்கிக்கொண்டே கதவைத் திறக்கிறார். அடுக்களையில் அடுப்பு எரிகிறது, ஆளில்லை. பக்கத்து வீட்டுக் கதவுக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் கேட்கிறது: அந்த மீனைத் திருப்பிப் போடச் சொல்லு, அடிப்பிடிக்குது.

முழியை உருட்டும் நடிகைக்குச் சமாதானம் சொல்லி அனுப்பினார்கள். தேவபிரசாதம் இதையும் உத்தி என்றே பாராட்டி, இன்னும் பத்துப் பகுதி கேட்டார். அந்தக் கடிதத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மக்தூம் அன்று சாப்பிட உட்கார்ந்தார். ருகையா மீன் வைத்தாள். இன்னொரு துண்டு வைக்கச் சொல்லிக் கதவு ஆணையிட்டது. உலகம் பழையபடி ஓடத் தொடங்கிவிட்டது என்று அவர் முதல் கவளத்தை எடுத்தார்.

"ஏளா ருகையா" என்றது கதவு. "அந்த நாடகத்துல வாரானே ஒரு மாப்பிள்ளை, தொட்டதுக்கெல்லாம் நடுங்கிக்கிட்டு. அது யாருன்னு கேளு."

மக்தூம் கவளத்தைத் தட்டிலேயே வைத்தார்.