அழுத்துங்க, பேசுங்க, விடுங்க

பேசத் தெரிந்தவர்களுக்குப் பேசச் சொல்லிக்கொடுப்பதுதான் என் தொழில். திருவாரூரில் ஒரு செல்போன் ஏஜென்சியில் வேலை. ஸ்கூட்டரில் ஊர் ஊராகப் போய் வாடிக்கையாளர்களுக்குப் பயிற்சி கொடுக்க வேண்டும். என் பையில் இரண்டு சமாச்சாரம் இருக்கும். ஒன்று, அழுத்திப் பேசும் சேவை. போனின் பக்கவாட்டில் இருக்கும் பட்டனை அழுத்திக்கொண்டு பேசினால் போதும். மணி அடிக்காது, யாரும் எடுக்க வேண்டாம், அந்தக் குழுவில் உள்ள அத்தனை பேர் போனிலும் உங்கள் குரல் அப்படியே கேட்கும். போலீஸ்காரர்களின் வாக்கி டாக்கி மாதிரிதான், ஆனால் டவர் இருக்கிற இடமெல்லாம் எட்டும். இன்னொன்று வீடியோ கால். அதெல்லாம் எங்களுக்கே தெரியும் என்பீர்கள். போன வாரம் உங்கள் மாமா வீடியோவில் வந்தபோது நீங்கள் பார்த்தது அவர் முகத்தையா, அவர் வீட்டு மின்விசிறியையா? நீங்களும் பட்டவர்தான், எனக்குத் தெரியும். அதனால் உங்களிடம் தாராளமாகச் சொல்லலாம்.

ரப்பர் பேண்டு

குடவாசல் பக்கம் செல்வராஜ் என்பவர் நான்கு அறுவடை மிஷின் வைத்திருக்கிறார். டிரைவர்கள் வயலில் இருந்தால் போன் அடிப்பது கேட்காது என்று அழுத்திப் பேசும் சேவையை வாங்கினார். நால்வரையும் வரிசையாக நிற்கவைத்து, "அழுத்துங்க, பேசுங்க, விடுங்க" என்று பத்து முறை சொல்லிக்கொடுத்துவிட்டு வந்தேன். மறுநாள் காலையிலேயே செல்வராஜ் கூப்பிட்டார். "மேடம், எல்லா போனும் கெட்டுப்போச்சு. முருகையன் குரல் மட்டும்தான் கேக்குது. நிறுத்தவே மாட்டேங்குது."

ஓடினேன். முருகையன் மூத்த டிரைவர், காரியக்காரர். ஒவ்வொரு தடவையும் பட்டனை அழுத்துவானேன் என்று போனைச் சுற்றி ரப்பர் பேண்டு போட்டுவிட்டார்! ஒருவர் அழுத்தியிருக்கும்வரை மற்றவர்கள் பேச முடியாது. அப்படி இரண்டு மணி நேரம் அவர் பாடியது, மாட்டை அதட்டியது, கிளீனரிடம் முதலாளியைப் பற்றி மனம்விட்டுப் பேசியது எல்லாம் நேரடி ஒலிபரப்பு. முதலாளிக்கு மிஷினைப் பற்றி ஒரு மண்ணும் தெரியாது, பிளேடு மழுங்கிப் பத்து நாளாச்சு, சொன்னால் காதில் வாங்க மாட்டார் என்கிற வரைக்கும். நான் ரப்பர் பேண்டைக் கழற்றியதும் விஷயம் புரிந்து முருகையன் முகம் வெளுத்துவிட்டது. செல்வராஜ் என்னிடம் சொன்னார்: "இருபது வருஷமா எங்கிட்ட 'சரிங்க முதலாளி'ன்னு மட்டும்தான் மேடம் சொல்லியிருக்கான். பிளேடு இன்னைக்கே மாத்திடலாம். அந்த ரப்பர் பேண்டை அவன்கிட்டயே குடுத்துடுங்க."

எந்தப் புளியமரம்?

என்ன ஒரு நாள் அது! புரட்டாசி, குறுவை அறுவடை. பக்கத்துக் கிராமத்தில் மகளிர் குழுவுக்கு வீடியோ கால் சொல்லிக்கொடுக்கப் போயிருந்தேன். குழுத் தலைவி கலாவதிக்குப் பாடத்தில் கவனமே இல்லை. அவருடைய அப்பா அம்மா ஊரார் வயலில் கூலிக்கு நடவு நட்டவர்கள். கலாவதி அந்த வருஷம்தான் முதல்முறையாக மூன்று ஏக்கர் குத்தகைக்கு எடுத்துச் சொந்தமாகப் பயிர் வைத்திருந்தார். நெல் முற்றித் தலை சாய்ந்து கிடக்கிறது. கிழக்கே வானம் கருத்துக்கொண்டு வருகிறது. அறுவடை மிஷின் பிடித்துக்கொடுக்கிற புரோக்கரோ காலையிலிருந்து ஒரே பதில்: "அரை மணி நேரத்துல வண்டி வந்துடும்மா."

பயிற்சியாளர் என்பதால் செல்வராஜ் குழு என் போனிலும் இருந்தது. திடீரென்று அதில் முருகையன் குரல். "முதலாளி, புளியமரத்தடியில சும்மா நிக்கிறேன். அடுத்த வயல் எதுன்னு புரோக்கர் சொல்லல, போனையும் எடுக்க மாட்டேங்கிறாரு." கலாவதி விருட்டென்று எழுந்தார். "எந்தப் புளியமரம்?" போனை அவர் கையில் திணித்தேன். "தம்பி, நான் கலாவதி பேசறேன். மரத்துக்கு அந்தப் பக்கம் மஞ்ச பெயிண்ட் அடிச்ச மதகு தெரியுதா? தெரியுதா தம்பி?" பதிலே இல்லை. "பட்டனை விடுங்கக்கா!" என்று கத்தினேன். விட்டார். "தெரியுதும்மா!" என்றது போன். "அப்படியே வாய்க்கால் கரையோட வாங்க. சாஞ்சு கிடக்கிறது என் வயல்தான்!" உடனே செல்வராஜ் குறுக்கிட்டார். "முருகையா, வானத்தைப் பாரு, இறக்குடா வண்டியை!" இன்னொரு டிரைவர் குரல்: "எனக்கும் இங்க முடிஞ்சுது முதலாளி, நானும் போறேன்!"

இரண்டு மிஷின்கள் இரண்டு பக்கமிருந்து இறங்கின. மகளிர் குழு முழுக்கத் தார்ப்பாயோடு வரப்பில் ஓடியது, நானும் ஓடினேன். முழங்கால்வரை சேறு, செருப்பு ஒன்று போயே போய்விட்டது. போனில் "வடக்கு மூலை பாக்கி", "டிராக்டரை ரோட்டுல நிறுத்து" என்று குரல் மேல் குரல். கடைசி நெல் டிரெய்லரில் கொட்டித் தார்ப்பாயை இழுத்துக் கட்டவும் பெரிய பெரிய துளியாக மழை இறங்கவும் சரியாக இருந்தது. நனைந்துகொண்டே எல்லோரும் சிரித்தோம், கலாவதி மட்டும் டிரெய்லரில் முகம் புதைத்து அழுதார். அந்த நேரம் பார்த்துப் புரோக்கர் போன் பண்ணினார். அரை மணியில் வண்டி வந்துவிடுமாம். கண்ணைத் துடைத்துக்கொண்டு கலாவதி சொன்னார்: "மெதுவா வரச் சொல்லுங்கண்ணே, ஒண்ணும் அவசரமில்ல. வந்தா ஒரு டீ குடிச்சுட்டுப் போவட்டும்."

துண்டு

ஒரு சின்ன ஊர்த் தேருக்குச் சேவையை இலவசமாகக் காட்டச் சொல்லி எங்கள் ஏஜென்சி முதலாளி என்னை அனுப்பினார். தேருக்கு முன்னால் நிற்பவர் ஒரு போனில் "நிறுத்து" என்றால், பின்னால் சக்கரத்துக்குக் கட்டை கொடுப்பவர் காதில் அது உடனே விழும். ஒத்திகையில் பிரமாதமாக வேலை செய்தது. வடம் பிடித்ததும் நாலு தவில், இரண்டு நாகஸ்வரம், வேட்டு! நான் போட்ட சத்தம் எனக்கே கேட்கவில்லை. முன்னால் நின்றவர் தோளில் கிடந்த சிவப்புத் துண்டை எடுத்து வீசினார். சக்கரத்துக்குக் கட்டை விழுந்தது, தேர் நின்றது. நிலைக்கு வந்த பிறகு கட்டைக்காரர் போனைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்தார். "நல்ல போன்தாம்மா. ஆனா எங்க துண்டுக்கு சார்ஜ் போட வேண்டியதில்ல பாருங்க."

எல்லா மரமும் ஒண்ணுதான்

முத்துப்பேட்டையில் அலையாத்திக் காட்டுக்குள் மீன் பிடிக்கப் போகிறவர்களுக்குச் செயல்முறை விளக்கம். அந்தோணி என்பவரின் படகில் என்னை ஏற்றிக்கொண்டு போனார்கள். பேச்சு சுவாரஸ்யத்தில் நீர் வடிந்ததைக் கவனிக்கவில்லை. படகு சேற்றில் உட்கார்ந்துவிட்டது. அந்தோணி அசரவில்லை. எனக்குத்தான் உயிர் போய் வந்தது. ஆனாலும் தொழில் இருக்கிறதே! "கவலைப்படாதீங்கண்ணே, வீடியோ கால் போட்டு இடத்தைக் காட்டிடலாம்" என்று கரையிலிருந்த அவருடைய மச்சானைக் கூப்பிட்டு, போனை நாலா பக்கமும் சுற்றிக் காட்டினேன். பச்சை, பச்சை, பச்சை. படம் அப்படியே உறைந்து நின்றது.

பிறகு பட்டனை அழுத்தினேன். டவர் கொஞ்சமாக இருந்தாலும் குரல் போகும். நாங்கள் நிற்கிற கால்வாயின் பெயரை அந்தோணி நிதானமாகச் சொன்னார், நான் இடையிடையே "சீக்கிரம் வாங்க" என்று அலறினேன். முக்கால் மணி நேரத்தில் மச்சான் வள்ளத்தோடு வந்து சேர்ந்தார். "பாத்தீங்களா, எங்க சேவை எப்படி வேலை செய்யுது!" என்றேன். அவர் தலையாட்டினார். "வீடியோல எல்லா மரமும் ஒண்ணுதான் மேடம். போன்ல கால்வா பேரு கேட்டுச்சு. மத்தபடி நீங்க போட்ட சத்தம் போன் இல்லாமலே கரை வரைக்கும் கேட்டுச்சு."

இரண்டு கை

மெர்சி திருவாரூரில் தையல் கடை வைத்திருக்கிறார். அவருக்குக் காது கேட்காது, பேச்சும் வராது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கும் அவர் கணவர் டேவிட்டும் அப்படியே. இருவரும் சைகையில் பேசுகிறவர்கள். கல்யாணமாகி ஆறு வருஷம். பிரிந்திருக்கிற நாளெல்லாம் வெறும் மெசேஜ்தான். மெர்சியின் தங்கை ரூத் என்னைத் தேடி வந்தாள். "அக்காவுக்கு வீடியோ கால் வாங்கிக் குடுத்தேன் மேடம், ஆனா பேச வரலைங்கறா." பார்த்ததுமே காரணம் தெரிந்தது. ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மீதி ஒரு கையால் எவ்வளவு பேச முடியும்? பாதிப் பேச்சு போனைப் பிடித்த கையிலேயே மாட்டிக்கொள்கிறது. நமக்கெல்லாம் வாயைப் பாதி பொத்திக்கொண்டு பேசுகிற மாதிரி.

தையல் மிஷின் மேல் இரண்டு நூல்கண்டுகளை வைத்து, நடுவில் போனைச் சாய்த்து நிறுத்தி டேவிட்டைக் கூப்பிட்டோம். மெர்சியின் இரண்டு கையும் விடுதலையாயின. என்ன வேகம்! "அவரையும் போனை எங்கேயாவது சாய்ச்சு வைக்கச் சொல்லுங்க" என்று ரூத் மூலமாகச் சொன்னேன். டேவிட் தயங்கினார். வேண்டாம் என்று தலையாட்டினார். மெர்சி விடவில்லை. கடைசியில் அவர் போனைச் சாய்த்துவைத்துக் கையை எடுத்தபோதுதான் தெரிந்தது: இத்தனை நேரம் போனைப் பிடித்திருந்த அந்தக் கையில், மணிக்கட்டிலிருந்து விரல்வரை கட்டு. மிஷினில் மாட்டி இரண்டு வாரம் ஆகியிருக்கிறது. தினமும் "நல்லா இருக்கேன்" என்று மெசேஜ் அனுப்பியிருக்கிறார்.

மெர்சி ஆரம்பித்தார் பாருங்கள்! எனக்குச் சைகை மொழி தெரியாது. ஆனால் ஒரு சொல் விடாமல் எனக்குப் புரிந்தது. டேவிட் கட்டுப்போட்ட கையைத் தூக்கி ஏதோ சமாதானம் சொல்லப் பார்த்தார். மெர்சி கண்ணீரோடு அந்தக் கையையே பார்த்தார், விரல்களை ஒவ்வொன்றாக அசைத்துக் காட்டச் சொன்னார். ஐந்தும் அசைந்தன. அதைப் பார்த்து நானும் ரூத்தும் கை தட்டிவிட்டோம்! மறுநாள் பஸ்ஸுக்கே ஊருக்குக் கிளம்பி வருவதாக டேவிட் ஒத்துக்கொண்டார். போனை அணைத்துவிட்டு, மூக்கைச் சிந்திக்கொண்டு, மெர்சி என்னைப் பார்த்துச் சைகையில் ஏதோ சொன்னார். என்ன என்று ரூத்தைக் கேட்டேன். "'பாதிதான் திட்டியிருக்கேன் மேடம், மீதி நேர்ல'ன்னு சொல்றா."

மொத்தத்தில், டெல்டாவில் ஒருவரை ஒருவர் பேச வைப்பதே வேலையாக அலைந்துவிட்டு வீடு திரும்பியதும், நான் முதலில் செய்கிற காரியம் என் போனை அணைத்து அலமாரிக்குள் வைப்பதுதான்.