அக்காவின் கட்டளை எட்டும் தூரம்

பாரிஸில் அக்கா வீட்டுக்குப் போகும்போதெல்லாம் காரை அவருடைய ஏழாம் மாடி ஜன்னலுக்கு நேர் கீழே நிறுத்துவேன். பாரிஸ் என்று சொல்கிறேனே தவிர, அது நகரத்துக்கு வெளியே, உயரமான அடுக்குமாடிகள் நிற்கிற இடம். அப்படிப்பட்ட இடங்களைப் பிரெஞ்சில் 'பான்லியூ' என்கிறார்கள். ஜெர்மன் தொலைக்காட்சியில் அந்தச் சொல் வந்தால் பின்னால் ஒரு கார் எரியும். அதனால் தேத்தண்ணி குடிக்கிற சாட்டில் ஜன்னலடிக்குப் போய்ப் போய் என் காரைப் பார்ப்பேன். அவ்வளவு பழைய காரை எரிக்க வருகிறவனுக்கே பாவமாக இருந்திருக்கும்.

போன வசந்தத்தில் ஒரு காரியமாகப் போனேன். ஜெர்மனியில் நான் இருக்கிற வுப்பர்டாலில், என் வீட்டிலிருந்து பஸ்ஸில் போகிற தூரத்தில், தோட்டத் துண்டு ஒன்று வாடகைக்குக் கிடைத்தது. அதற்காக வருடக்கணக்காகக் காத்திருந்தேன். திங்கட்கிழமைக்குள் பதில் சொல்லாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். அக்காவோ போனில் ஏற்கெனவே தீர்ப்புச் சொல்லியிருந்தார்: "தனி ஆள் நீ. முதுகு நோ வேற. தோட்டமும் வேண்டாம், ஒண்டும் வேண்டாம்."

எனக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. போனில் எதிர்த்துப் பேச வெட்கம், நேரில் சொல்லலாம் என்று காரை எடுத்தேன். நேரில் இன்னும் வெட்கம் என்பது பெல்ஜியம் தாண்டிய பிறகுதான் நினைவுக்கு வந்தது.

ஞாயிறு மத்தியானம்வரை வாயைத் திறக்கவில்லை. சாப்பாட்டுக்கு நடுவில் மறுபடி ஜன்னலைப் பார்த்தபோது அக்காவின் மகள் பிடித்துவிட்டாள்.

"என்ன மாமா, காருக்கும் சோறு குடுக்கோணுமோ?"

"இல்லைப் பிள்ளை, பான்லியூ எண்டா கொஞ்சம் கவனமா..."

"இவ்வளவு காலம் இஞ்ச இருக்கிறம், ஆரின்ரை கார் எரிஞ்சது?" என்றார் அக்கா.

மகள் பள்ளிக்கூடத்தில் சரித்திரம் படிப்பிக்கிறவள். அந்தச் சொல்லின் கதையைச் சொன்னாள். அந்தக் காலத்தில் 'பான்' என்றால் பிரபு போடுகிற கட்டளை. 'லியூ' ஒரு தூர அளவு, ஏறக்குறைய நாலு கிலோமீற்றர். நகரத்துக் கட்டளை மதிலுக்கு வெளியே எவ்வளவு தூரம் செல்லுமோ அவ்வளவும் பான்லியூ. பிறகு வெறும் புறநகர் என்றானது. அடுக்குமாடிகள் வந்த பிறகுதான் அதற்குக் கெட்ட பேர். ஜெர்மனியிலும் 'பான்மைல' இருக்கிறதே என்றாள், பாராளுமன்றத்தைச் சுற்றி ஊர்வலம் போகக் கூடாத வட்டம். தெரிந்தவன் போலத் தலையாட்டினேன்.

"அப்ப வுப்பர்டாலும் அம்மான்ரை பான்லியூதான். அம்மான்ரை கட்டளை அங்கை வரைக்கும் போகுது" என்றாள்.

அக்கா சிரித்தார். அது எப்போதாவதுதான் நடக்கும். இதை விட்டால் இனி முடியாது என்று சோற்றைப் பார்த்தபடியே சொன்னேன்.

"அக்கா, எனக்கு அந்தத் தோட்டம் வேணும். நாளைக்கு ஓம் எண்டு சொல்லப் போறன்."

அக்கா என் தட்டில் இன்னொரு கரண்டி சோறு போட்டார்.

"வேணுமெண்டா அதை முதலே சொல்லுறதுக்கென்ன? தண்ணி இருக்கோ?"

"ஓம்."

"வெயில் எந்தப் பக்கம்?"

அதை நான் பார்க்கவே இல்லை.

இப்போது சனிக்கிழமைகளில் ஒரு கையில் மண்வெட்டி, மறு கையில் போன். திரையில் அக்கா. "மிளகாயை அங்காலை தள்ளி வை. வேலியடியில வேண்டாம்." தள்ளி வைக்கிறேன்.

தோட்டத்துக் கொட்டிலுக்குப் பின்னால் மட்டும் போன் வேலை செய்யாது. அந்த மூலையில் யாரையும் கேட்காமல் கத்தரி நட்டிருக்கிறேன். அங்கே வெயிலும் விழாது. இன்னும் ஒன்றும் காய்க்கவில்லை.