பிஸ்கட் டப்பாவுக்கு ஒரு காவல்

தையற்கடையின் வெட்டுமேசை ஏழடி நீளம். அதன் இடக்கோடியில் இரண்டு சாண் இடத்தை மாஸ்டரின் மனைவி பிடித்துக்கொண்ட நாளிலிருந்து கடையில் அமைதி குடிபெயர்ந்துவிட்டது. அவர் துணி வெட்டுபவர், அவள் தைப்பவள். இருபத்திரண்டு ஆண்டுகளாக அந்தப் பங்கீட்டில் ஒரு நூல்கூடப் பிசகியதில்லை.

எல்லாம் தையல் இயந்திரம் பழுதானதால் வந்த வினை. பழுது பார்க்க வந்தவர் அதன் மிதிகட்டையைத் திறந்தார். உள்ளே பச்சைப் பலகையின்மேல் வண்ணக் கோடு போட்ட மணிகள் வரிசையாக அமர்ந்திருந்தன. அவை என்ன வேலை செய்கின்றன என்று அவள் கேட்டாள். “அதெல்லாம் உங்களுக்குப் புரியாதும்மா” என்றார் அவர். மறுவாரமே, நாற்பத்தேழாவது வயதில், அவள் எலக்ட்ரானிக்ஸ் உதிரிபாகக் கடையின் படியேறினாள்.

பேட்டரியோடு நேராக இணைத்த முதல் எல்.இ.டி. சிறுவிளக்கு ஒரு நொடி பளிச்சென்று சிரித்துவிட்டு நிரந்தரமாகக் கண்ணை மூடியது. மின்சாரத்தை மட்டுப்படுத்த இடையில் ஒரு தடுப்பான் வேண்டும் என்று கடைக்காரர் விளக்கினார். தொளதொளவென்று விட்டால் மின்சாரத்தையும் அங்கங்கே பிடித்துத் தைக்க வேண்டும்போலும் என்று அவள் புரிந்துகொண்டாள். வாங்கிய உதிரிகளை மேசைக்கோடியில் பரப்பி, பொத்தான் பெட்டிகளில் வகைபிரித்து வைத்தாள். அது மாஸ்டருக்குத் தெரியாது. வட்டமான பழுப்பு மின்தேக்கி ஒன்றைப் பொத்தான் என்றெண்ணி எடுத்து, வாடிக்கையாளர் முன்னிலையில் அதன் துளைகளைக் கால்மணி நேரம் தேடினார்.

அன்றே அவர் மேசைக்கோடியைத் திரும்பக் கேட்டார். அவளோ பேச்சைப் பிஸ்கட் டப்பாவுக்குத் திருப்பினாள். அது காத்திருக்கும் வாடிக்கையாளருக்காக வைத்தது. மாஸ்டர் இனிப்பைத் தொடக்கூடாது என்று மருத்துவர் கண்டித்துச் சொல்லியிருந்தார். ஆனாலும் டப்பா வாரம் இருமுறை காலியாயிற்று. எலியின் வேலை என்பது மாஸ்டரின் தீர்ப்பு.

“தின்னுட்டு மூடியை அழுத்தி மூடிட்டுப் போகுதே. ரொம்ப ஒழுக்கமான எலிங்க” என்றாள்.

முடிவில் பந்தயம் கட்டினார்கள். சனிக்கிழமைக்குள் அவளது கருவி எலியைப் பிடித்தால் மேசைக்கோடி அவளுக்கே சொந்தம்; பிடிக்காவிட்டால் கம்பிகளைப் பற்றவைக்கும் சால்டரிங் கோல் உட்பட எல்லாம் பரணுக்குப் போகும்.

வெளிச்சம் பட்டால் மின்சாரத்துக்கு வழிவிடும் ஒளியுணரி ஒன்றை மூடியின் உட்புறம் பொருத்தி, அதோடு சிறு ஒலிப்பானையும் இணைத்தாள். மூடினால் இருட்டு, ஆகவே மௌனம், திறந்தால் அலறல். சோதித்தபோது கச்சிதமாக வேலை செய்தது. ஆனால் தொங்கும் கம்பிகளைப் பார்த்துக்கொண்டு சும்மா இருக்க அவளது தையற்கை ஒப்பவில்லை. செப்புச்சரிகை நூலால் ஒளியுணரியின் இரு கால்களையும் சேர்த்து அழகாகச் சுற்றி முடிச்சிட்டாள்.

வியாழனன்று, சட்டை அளவு கொடுக்க வந்திருந்த ஆசிரியை ஒருவர் முன்னால் டப்பாவை மூடிக் காட்டினாள். மூடிய டப்பா வீறிட்டது. திறந்தாலும் வீறிட்டது.

“மூடினதுக்கே இப்படிக் கத்துதே. திருடன் வந்தா எழுந்து நின்னு கும்பிடு போடுமோ?” என்றார் மாஸ்டர். பரணில் இடம் ஒதுக்கவும் தொடங்கினார்.

அன்று மாலைவரை ஒவ்வோர் இணைப்பாகத் தொட்டுத் தொட்டுப் பார்த்த பிறகே அவளுக்கு உறைத்தது. சரிகையும் உலோகந்தானே! வெளிச்சம் வந்து கதவைத் திறக்குமுன்பே மின்சாரம் சரிகை வழியே சுவரேறிக் குதித்திருக்கிறது. அதைப் பிரித்துப் பருத்தி நூலைக் கட்டினாள். அடுத்தநாள் ஆசிரியை வந்தபோது கருவி நடந்துகொண்ட விதம் மெச்சத்தக்கதாக இருந்தது. இருட்டில் இது ஏன் ஒலிக்காது என்பதை அவருக்கு விளக்கமாகச் சொன்னாள். பக்கத்தில் மாஸ்டரின் கத்தரி ஓடாமல் நின்றிருந்ததை அப்போது அவள் கவனிக்கவில்லை.

சனிக்கிழமை மதியம் லைனிங் துணி வாங்கிக்கொண்டு அவள் திரும்பினாள். அலமாரியில் டப்பா இல்லை. கடையில் மாஸ்டரும் இல்லை. உடை மாற்றும் அறையின் கனத்த கறுப்புத் திரை இழுத்து மூடியிருந்தது. சன்னலற்ற அந்த அறையின் விளக்கும் அணைந்திருந்தது. உள்ளிருந்து மெல்லிய கறுக் கறுக்கென்ற ஓசை வந்தது.

திரையை விலக்க அவள் கை நீண்டது, பாதியில் நின்றது. மாஸ்டர் கையிலிருந்தே வெளிச்சம் வந்து கருவி சாட்சி சொல்ல வேண்டாமா? தன் கைப்பேசியை எடுத்து அவரை அழைத்தாள்.

உள்ளே மணியடித்தது. அதை நிறுத்துவதற்காக அவர் கைப்பேசியை வெளியே எடுத்திருக்க வேண்டும். அதன் வெளிச்சம் திறந்திருந்த மூடியின் உட்புறம் விழுந்த கணமே டப்பா ஊரைக் கூட்டியது.

கறுப்புத் திரை மெதுவாக விலகியது. மீசையில் துகள்களுடன் மாஸ்டர் நின்றார்.

“எலி மாட்டிக்கிச்சா?” என்று கேட்டார்.

“மாட்டிக்கிச்சுங்க. ஃபோன் வெச்சிருக்கிற எலி.”

டப்பாவை அவள் கையில் ஒப்படைத்துவிட்டு அவர் நேரே மேசைக்குப் போனார். துணியில் குறியிடும் சுண்ணக்கட்டியை எடுத்து, இடக்கோடியிலிருந்து சரியாக இரண்டு சாண் அளந்து, குறுக்கே நேர்கோடு போட்டார். அதில் ஒரு நூல்கூடப் பிசகில்லை.

அவள் குனிந்து பார்த்தாள். “தையலுக்கு அரை இஞ்ச் விடலையேங்க” என்றாள்.

மாஸ்டர் போட்ட கோட்டைத் துடைத்துவிட்டு, தன் பக்கம் அரை அங்குலம் தள்ளி மறுபடி போட்டார்.