குழாய் பார்க்கப் போனேன்

கோலார் தங்கவயலில், ராபர்ட்சன்பேட்டையில் எனக்கு மூன்று வீடுகள் வாடகைக்கு ஓடுகின்றன. அதனால் கையில் நாலு காசு சேர்ந்தவர்கள் என்னிடம் யோசனை கேட்டு வருகிறார்கள். நானும் வாயை மூடிக்கொண்டிருக்கிற ஆள் இல்லை. வீடு பார்க்கக் கோடையில் போங்கள், தண்ணீரின் வண்டவாளம் அப்போதுதான் தெரியும் என்பேன். டைல்ஸைப் பார்த்து மயங்காதீர்கள். ஸ்டேஷனுக்கு நடக்கிற தூரமா என்று பாருங்கள். இங்கே பாதிப்பேர் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்கு ஓடுகிறவர்கள். கோலாரில் ஒரு வக்கீலிடம் பத்திரத்தைக் காட்டாமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். முதல் வீடு தன் காலில் நிற்கும்வரை இரண்டாவதற்கு ஆசைப்படாதீர்கள்.

ஒரு யோசனையை மட்டும் யாருக்கும் சொன்னதில்லை. சொன்னால் என் மானம் போகும்.

மூன்றில் ஒரு வீடு என் தலைக்கு மேலேயே இருக்கிறது. மனைவி இறந்த பிறகு கட்டிய மாடி. அதில் ஒரு இளம் தம்பதி குடிவந்தார்கள். இரண்டு பேருக்கும் பெங்களூரில் வேலை. பகலெல்லாம் மாடியில் ஈ காக்கை இருக்காது. பொழுது சாய்ந்ததும் மேலே செருப்புச் சத்தம் கேட்கும், குக்கர் விசில் அடிக்கும். அதைக் கேட்ட பிறகுதான் எனக்குப் பசியே எடுக்கும். அவர்கள் காலி செய்துவிடக் கூடாதே என்று வாடகையைக்கூட நான் ஏற்றவில்லை.

வாரத்துக்கு ஒருமுறை மாடியேறி, “டேப்பு ஒழுகுதான்னு பாக்க வந்தேன்மா” என்பேன். அந்தப் பெண் டீ கொடுப்பாள். வாரத்துக்கு ஒருமுறை என்பது போகப்போகத் தினமும் ஆயிற்று. கதவைத் திறக்கும்போது புருஷன்காரன் முகம் சுருங்குவதைப் பார்த்தேன். பார்க்காத மாதிரி உள்ளே போய் உட்கார்ந்தேன்.

ஒரு நாள் அவன், “வீடு பாத்துட்டு இருக்கோம் அங்கிள்” என்றான். சொந்தமாக வாங்கி வாடகைக்கு விடப் போகிறான் என்று எனக்கு ஒரே சந்தோஷம். தண்ணீரில் தொடங்கிப் பத்திரம் வரை ஒரு மணி நேரம் வகுப்பெடுத்தேன். அவன் செல்போனைத் தடவிக்கொண்டிருந்தான்.

அடுத்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, ரயிலுக்கு ஓடிக்கொண்டே அந்தப் பெண் சொன்னாள்: “அங்கிள், ஞாயித்துக்கிழமை காலையிலயே ஷிஃப்ட் இருக்கு.”

“ஞாயித்துக்கிழமை கூடவா? போய்ட்டு வாம்மா” என்றேன்.

என் அப்பா சுரங்கத்தில் வேலை பார்த்தவர். எங்கள் வீட்டில் ஷிஃப்ட் என்றால் சங்கு ஊதும், அவர் டிபன் பாக்ஸோடு கிளம்புவார், வேலை முடிந்து திரும்பி வருவார். அந்தச் சொல்லுக்கு வேறு அர்த்தம் இருப்பது எனக்குத் தோன்றவே இல்லை. முழங்கால் வலியால் அந்த இரண்டு நாளும் மாடியேறவில்லை. லீவு நாளில் கூட வேலைக்கு விரட்டுகிறானே என்று அவள் கம்பெனிக்காரனைத் திட்டிக்கொண்டு, ஞாயிறு காலையில் மூன்று பேருக்குக் கறிக்குழம்பு வைத்தேன்.

வாசலில் டெம்போ நின்றது. மாடியிலிருந்து கட்டிலை இறக்கிக்கொண்டிருந்தார்கள்.

“இன்னாம்மா இது?”

“ஷிஃப்ட்னு சொன்னேனே அங்கிள். போய்ட்டு வான்னு நீங்களும் சொன்னீங்களே.”

அழுகை வந்தது. வீட்டுக்காரன் அழலாமா? வீம்புக்குக் குரலை உயர்த்தினேன். “டேப்பெல்லாம் ஒழுகாம இருக்குதா?”

அவள் சாவியை என் கையில் வைத்தாள். புருஷனுக்குக் கேட்காதபடி மெதுவாகச் சொன்னாள்: “ஒரு டேப்பும் ஒழுகல அங்கிள். என்னைக்குமே ஒழுகல.”

குடியிருப்பவர் கதவை வருஷத்துக்கு இரண்டு தடவைக்கு மேல் தட்டாதீர்கள். நான் சொல்லாமல் வைத்திருந்த யோசனை இதுதான்.

சாயங்காலம் மாடிக்குப் போய்ப் பார்த்தேன். எல்லாக் குழாயையும் இறுக மூடிவிட்டுப் போயிருந்தாள். கறிக்குழம்பை நான் ஒருவனே மூன்று நாள் சுடவைத்துச் சாப்பிட்டேன்.