டேங்கர்காரர் நிற்கும் இடம்

மற்றவர்கள் முதன்முதலில் பார்த்தபோது அவர் காற்றைச் சோதித்துக்கொண்டிருந்தார். மூடிக் கிடந்த சாயத் தொழிற்சாலை நிலத்தில் மரம் நட்டுச் சோலையாக்குவது என்று சுற்றுத் தெருக்காரர்கள் நாற்பது பேர் கூடியிருந்த ஞாயிற்றுக்கிழமை அது. எல்லோரும் இரும்பு கேட் அருகே நெருக்கியடித்து நிற்க, அவர் மட்டும் ஒரு காய்ந்த புல்லைக் கிள்ளி மேலே விட்டார். அது பறந்த திசையில் பத்தடி தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"பெரிய மனுஷன் போல. ஒட்ட மாட்டேங்கிறாரே" என்று யாரோ முணுமுணுத்தார்கள்.

ஒட்டக்கூடாது என்பதுதான் அவர் இருபத்தாறு வருஷம் படித்த பாடம். அந்தத் தொழிற்சாலையில் கழிவு டேங்கர் ஓட்டியவர். வண்டியை விட்டு அவர் இறங்குவார், நாற்றம் இறங்காது. டீக்கடை பெஞ்சில் அவர் உட்கார்ந்தால் பக்கத்திலிருப்பவருக்கு உடனே ஏதாவது அவசர வேலை வந்துவிடும். சொந்த மகள் கல்யாணத்தில்கூட ஜெனரேட்டர் ஓரமாகவே நின்றார். டீசல் வாடையில் தன் வாடை தெரியாதல்லவா! மனைவிக்கு மட்டும் சின்ன வயதில் வந்த காய்ச்சலோடு மோப்பம் போயிருந்தது. "எனக்குன்னே செஞ்சு அனுப்பின மூக்கு" என்பார். தொழிற்சாலை மூடிய வருஷமே அவளும் போய்ச் சேர்ந்தாள். அதற்குப் பிறகு பதினோரு வருஷத்தில் நாற்றம் விட்டுப் போனது. காற்றைப் பார்த்து நிற்கும் பழக்கம் விடவில்லை.

அவரைப் பக்கத்தில் இழுத்தவர் குழாய் வேலைக்காரர்.

"அண்ணே, நீங்க அங்க நின்னா நான் கத்தித்தான் பேசணும். தொண்டைத் தண்ணி வத்திப்போச்சு. இப்படி வந்து குந்துங்க."

"இங்கயே காதுல விழுது தம்பி."

"உங்களுக்கு விழுது. எனக்கு விழலையே?"

சிரித்தார்கள். அவர் வந்து பெஞ்சின் நுனியில் உட்கார்ந்தார். டீ ஃபிளாஸ்க் கைமாறி அவரிடமும் வந்தது. குழாய்க்காரரின் தோள் அவர் தோளில் இடித்துக்கொண்டே இருந்தது, அவர் எழவில்லை. அடுத்த ஞாயிறு எல்லோருக்கும் முன்னால் வந்து, பூட்டிய கேட்டின் முன் ஒரு மணி நேரம் காத்திருந்தார்.

நான்கு மாதம் இப்படி நன்றாகப் போனது. ஐந்தாம் மாதம் கூட்டத்தை நடத்தும் டீச்சர் வரைபடத்தை விரித்து, நிலத்தின் கீழ்மூலையில் விரல் வைத்தார்.

"இங்க பள்ளிக்கூடப் பிள்ளைங்களுக்குக் காய்கறிப் பாத்தி. எப்படி?"

"மண்ணு பஞ்சு மாதிரி இருக்கு டீச்சர். மத்த இடமெல்லாம் கடப்பாரையே வளையுது" என்றார் குழாய்க்காரர்.

டேங்கர்காரருக்குக் கையிலிருந்த டீ ஆறிப்போனது. அது அவர் கொண்டுவந்து கொட்டிய மண். ஆய்வுக்கூடத்துக்கு ஆறு இடத்தில் மண் எடுத்து அனுப்பியிருந்தார்கள், எல்லாம் மேல் மண். மூடுவதற்கு முந்தின மாதங்களில் கழிவுத் தொட்டி நிரம்பி வழிய, மேனேஜர் சொன்னபடி ராப்பகலாகக் கீழ்மூலைப் பள்ளத்தில் ஊற்றியவர் அவர்தான். மேலே இரண்டடிக்கு நல்ல மண் போட்டு மூடியவரும் அவர்தான்.

சொன்னால் வெட்கம், சொல்லாவிட்டால் துக்கம் என்பார்களே, அந்த வாரம் முழுக்க அப்படித்தான் கழிந்தது. ஜெயிலுக்கோ அபராதத்துக்கோ அவர் பயப்படவில்லை. அந்த பெஞ்சின் நுனி போய்விடுமே என்றுதான் பயந்தார். மகளுக்கு ஃபோன் போட்டார். "சாப்டீங்களாப்பா?" என்றாள். "சாப்டேன்மா" என்றார். ஃபோனை வைத்துவிட்டார்.

ஞாயிறு வந்தது. டீச்சர் மண்வெட்டியை அவரிடமே நீட்டினார்.

"இங்க வேலை பார்த்தவர் நம்மள்ல நீங்க ஒருத்தர்தான். முதல் வெட்டு நீங்க போடுங்க ஐயா."

கைதட்டினார்கள். பிள்ளைகள் விதைப் பொட்டலத்தோடு முன்வரிசையில் நின்றார்கள். அவர் வெட்டினார், வெட்டிக்கொண்டே போனார்.

"போதும்ணே, கிணறா தோண்டுறீங்க?" என்று குழாய்க்காரர் சிரித்தார்.

முழங்கால் ஆழத்தில் மண் நீலமாக வந்தது. பின்னாலேயே அந்த நாற்றம் எழுந்தது. கூட்டம் மூக்கைப் பொத்திக்கொண்டு பின்வாங்கியது. டீச்சர் பிள்ளைகளைக் கேட் பக்கம் ஓட்டினார்.

"இதை இங்க ஊத்துனது நான்தான்" என்றார் அவர். குழியிலிருந்து ஏறி, காற்று போகும் பக்கமாய்ப் போய் நின்றார்.

"ஏன் முதல்லயே சொல்லல?" டீச்சர் கேட் பக்கமிருந்து கத்தினார். அவரிடம் பதில் இருந்தது. ஆனால் அதை எப்படிச் சொல்வது? ஒரு கப் டீக்காக என்றா?

அதிகாரிகள் வந்து அளந்தார்கள். அவரிடம் கையெழுத்து வாங்கினார்கள். சோலைக்கு வந்துகொண்டிருந்த பண உதவி நின்றது. வேலை எட்டு மாதம் தூங்கியது. கூட்டத்தில் பாதிப் பேர் திரும்ப வரவில்லை. வந்தவர்கள் அவருக்கு வணக்கம் சொன்னார்கள், உட்காரவில்லை. குழாய்க்காரர் ஒரே ஒரு முறை, "பிள்ளைங்க தப்பிச்சுது, அது போதும்ணே" என்றார். இப்போது குழாய்க்காரருக்கு வேறு ஊரில் வேலை.

கீழ்மூலைக்குக் கம்பிவேலி போட்டாகிவிட்டது. காய்கறிப் பாத்தி மேட்டுப் பக்கம், மரப்பெட்டிகளில் வெளிமண் நிரப்பி நடக்கிறது. டேங்கர்காரருக்கு அறுபத்தெட்டு வயது. தொழிற்சாலையின் பழைய குவார்ட்டர்ஸில் கடைசி அறையில் தனியாக இருக்கிறார். கேட் சாவி அவரிடம் இருக்கிறது. காலை ஆறு மணிக்குத் திறந்து, முப்பத்திரண்டு மரக்கன்றுகளுக்குத் தண்ணீர் ஊற்றிவிட்டு, எட்டு மணிக்கு ஆட்கள் வருவதற்குள் வீட்டுக்குப் போய்விடுகிறார்.