ஸ்கேன் குழாய்க்குள் என் வயல்

அடைபட்ட இடம் எனக்கு ஆகாது. வலங்கைமானில் பள்ளிக்கூட ஆசிரியை நான். ஒன்பதாம் வகுப்பு முரடர்களை ஒரு பார்வையில் உட்கார வைத்துவிடுவேன். ஆனால் குளியலறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடமாட்டேன். உள்ளேயிருந்து வாளியை முட்டுக்கொடுத்து வைப்பேன். நாலு மாடியானாலும் லிஃப்டை விட்டுப் படியேறித்தான் போவேன். உடம்புக்கு நல்லது என்று ஊரை ஏமாற்றி வந்தேன். பிரதோஷக் கூட்டம் நெருக்கினால் கொடிமரத்தோடு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுவேன். சாமி கோபித்துக்கொண்டதாகத் தெரியவில்லை.

வினை வலது காலில் வந்தது. முதலில், செருப்பு கழன்று விழுந்தது தெரியாமல் தெருவெல்லாம் நடந்தேன். பிறகு பாதத்தைக் கிள்ளினாலும் தெரியவில்லை. தஞ்சாவூர் டாக்டர் எம்.ஆர்.ஐ. எடுக்கச் சொன்னார். "நரம்பு எங்க நசுங்குதுன்னு பாக்காம ஒண்ணும் சொல்ல முடியாதும்மா. தள்ளிப்போட்டா கால் இப்படியே நின்னுடும்" என்றார். எங்களுக்கு ஒரு ஏக்கர் நிலம் உண்டு. காலையில் போய் அதற்குத் தண்ணீர் கட்டுவது நான்தான். காலடியே தெரியாமல் வரப்பில் எப்படி நடப்பது?

முதல் தடவை, குழாய்க்குள் தலை நுழைந்ததுமே முடியாவிட்டால் அழுத்தச் சொல்லிக் கையில் கொடுத்திருந்த ரப்பர் பந்தை அழுத்திவிட்டேன். வெளியே இழுத்தார்கள். சின்னப்பிள்ளை மாதிரி அழுதேன். வெட்கமாக இருந்தது. ஸ்கேன் எடுக்கிற அம்மா என் வயதுக்காரர். அவர் திட்டவில்லை.

"அடுத்த வாரம் வாங்க. கண்ணை வெளியிலயே மூடிக்குங்க. உள்ள போய் மூடலாம்னு இருந்தா சுவரைப் பாத்துடுவீங்க. உங்க வீட்டுக்காரர் கால்மாட்டுல நின்னு காலைப் புடிச்சிக்கட்டும்."

அடுத்த வாரம் கண்மேல் துண்டைப் போட்டுக்கொண்டு படுத்தேன். உலோகம் எதுவும் கூடாது என்றதால், என் வீட்டுக்காரர் வெள்ளி அரைஞாண் வரை கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார். பலகை நகர்ந்தது. கட்டையால் தகரத்தை அடிக்கிற மாதிரி சத்தம் ஆரம்பித்தது. காலில் கை இருப்பதாகவே தெரியவில்லை. மனிதர் டீ குடிக்கப் போய்விட்டார் என்று முடிவே கட்டிவிட்டேன். ஆத்திரத்திலும் பயத்திலும் மூச்சு முட்டியது, விரல்கள் பந்தின் மேல் மடங்கின.

இருபது நிமிடம் என்று சொல்லியிருந்தார்கள். அதற்கு எனக்குத் தெரிந்த கணக்கு ஒன்றுதான்: மடையைத் திறந்தால் எங்கள் கீழ வயல் நிறைகிற நேரம். சரி, திறந்துதான் பார்ப்போம் என்று மனசுக்குள் மடையைத் திறந்தேன்.

தண்ணீர் வந்தது. வெடிப்புகளில் இறங்கி, நுரைத்து, சருகுகளைத் தள்ளிக்கொண்டு வந்தது. போன தடவை டிராக்டர் சக்கரம் பதிந்த பள்ளம், உடையாத மண்கட்டிகள், கொக்கு வந்து நிற்கிற மேடு எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தன. நான் ஒருநாளும் மனப்பாடம் செய்ததில்லை. கை நீட்ட இடமில்லாத குழாய்க்குள் என் வயல் முழுசாக, மேலே வானத்தோடு வந்து நின்றது. பிரமித்துப் போனேன். இவ்வளவையும் வைத்துக்கொண்டிருக்கிற மனசுதானா இத்தனை வருடம் ஒரு தாழ்ப்பாளுக்குப் பயந்தது?

அப்போதுதான் தெற்கு வரப்பில் நண்டு வளையைப் பார்த்தேன். தண்ணீர் பக்கத்து வயலுக்கு ஓடிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் யாரும் செய்வதைத்தான் செய்தேன். குதிகாலால் ஓங்கி ஒரு மிதி.

சத்தம் நின்றது. ஒலிபெருக்கியில் அந்த அம்மா பேசினார்.

"காலை ஆட்டிட்டீங்கம்மா, படம் கலங்கிடுச்சு. அந்தப் பகுதியைத் திரும்ப எடுக்கணும். முடியுமா, இல்ல வெளிய எடுத்துடவா?"

"வேணாங்க, எடுங்க. மேற்கு மூலைக்கு இன்னும் தண்ணி ஏறல."

பிறகு சத்தம் மறுபடி ஆரம்பித்தது.

எல்லாம் முடிந்து வெளியே வந்ததும் முதல் வேலையாக வீட்டுக்காரரிடம் பாய்ந்தேன்.

"காலைப் புடிச்சிக்கிறேன்னு சொல்லிட்டு எங்க போனீங்க?"

"நான் எங்க போனேன்? ஆரம்பத்துலேர்ந்து புடிச்சிக்கிட்டேதான் நின்னேன். நடுவுல ஒரு உதை விட்டியே, விரல் இன்னும் வலிக்குது."

"எந்தக் காலைப் புடிச்சீங்க?"

"முடியாத காலைத்தான். வலது காலை."

குனிந்து என் வலது பாதத்தைப் பார்த்தேன். அவர் அரைஞாணை இடுப்பில் கட்டிக்கொண்டிருந்தார்.

படத்தைப் பார்த்துவிட்டு ஆபரேஷன் வேண்டும் என்றார் டாக்டர். செய்துகொண்டேன். லிஃப்டில் இன்றைக்கும் ஏறுவதில்லை. வாளியும் கதவோரம்தான் இருக்கிறது. ஆனால் ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த பிறகு ஒரு மத்தியானம், கண்ணை மூடிப் படுத்திருந்தபோது வலது பாதத்தில் ஏதோ சொரசொரவென்று பட்டது. கண்ணைத் திறக்காமலே தெரிந்தது, அது அவர் கை.