சாம்பிள் போர்வை

எங்கள் வீட்டில் எல்லோரையும்விட நன்றாக உடுத்தியிருந்தது தையல் மிஷின்தான். மஞ்சளும் வெள்ளையுமாகப் பழைய சேலைத் துண்டுகளை ஒட்டித் தைத்த ஓர் உறை அதன்மேல் எப்போதும் கிடக்கும். நாலு ஓரமும் மடித்து அடித்தது, ஒரு பிசிறு பார்க்க முடியாது. மிஷினுக்கு அது பெரியதுதான், இரண்டாக மடித்தால்தான் சரியாக உட்காரும். சூளகிரியிலிருந்து சித்தி பஸ் ஏறிவிட்டாள் என்று போன் வந்தால் போதும், அம்மா முதல் வேலையாக அந்த உறையை உருவி பீரோவுக்குள் திணித்துவிடுவாள். தங்கை வரும்போது புது மிஷின் பளிச்சென்று தெரிய வேண்டும் என்ற பெருமைதான் காரணம் என்று நான் நம்பியிருந்தேன்.

பெருமைப்பட வேண்டிய மிஷின்தான் அது. கால்மிஷினைத் தூக்கிவிட்டு, பெங்களூரில் வீடு மாற்றிய யாரிடமோ அப்பா வாங்கி வந்த கரண்டு மிஷின். முன்பக்கம் ஒரு திருகு. அதைச் சுற்றிப் படம் படமாகப் போட்டிருக்கும்: இலை, அலை, இதயம், நட்சத்திரம், கடைசியாக ஒரு வாத்து. எந்தப் படத்துக்கு நேராகத் திருப்புகிறோமோ அந்தத் தையலை மிஷின் தானே போடும். அம்மாவுக்கு ஓசூரில் சட்டை கம்பெனியில் வேலை. காலை முதல் மாலை வரை சட்டைக்குக் கை வைத்துத் தைப்பது மட்டும்தான். அவள் தைத்த முழுச் சட்டை ஒன்றைக்கூட நான் பார்த்ததில்லை.

நான் நாலாவது படிக்கும்போது சித்திக்குக் குழந்தை பிறக்கப் போகிறது என்று தெரிந்தது. வீட்டில் யாரும் அதைப் பற்றி உரக்கப் பேசவில்லை. குழந்தை பிறக்கும்வரை அதற்கென்று துணி எடுக்கக் கூடாது, தைக்கவும் கூடாது என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அதே மாதம்தான் அம்மா பழைய சேலைகளைப் பட்டை பட்டையாகக் கிழித்து, ஒவ்வொரு பட்டையிலும் திருகில் உள்ள ஒவ்வொரு தையலாகப் போட ஆரம்பித்தாள். கேட்டால் சாம்பிள் என்றாள். கம்பெனியில் முதலில் ஒன்று தைத்துப் பார்ப்பார்களே, அது மாதிரி.

துணி சுருங்காமல் இருக்க அடியில் செய்தித்தாள் வைத்துத் தைப்பாள். தைத்து முடித்ததும் தாளைக் கிழித்தெடுப்பது என் வேலை. இலையும் அலையும் ஒழுங்காக வந்தன. வாத்துதான் வம்பு செய்தது. மிஷின் துணியை முன்னும் பின்னும் நகர்த்தித்தான் வாத்தை வரையும், நாம் சும்மா தாங்கிப் பிடித்தால் போதும். அம்மாவுக்கோ கம்பெனிப் பழக்கம், துணியைப் பிடித்து இழுத்துவிடுவாள். வாத்துகளெல்லாம் கழுத்து நீண்டு கொக்காகிவிடும். நான் விழுந்து விழுந்து சிரிப்பேன். வாத்து கடைசியில்தான் என்று சொல்லிவிட்டு, கழிவுத்துணியில் பழகிக்கொண்டே இருந்தாள்.

வீட்டுக்கார அம்மா கன்னடக்காரர். ஒருநாள் எட்டிப்பார்த்து, "மகுவிகா?" என்றார். குழந்தைக்கா என்று கேட்கிறார். அம்மா முகம் வெளுத்து, "இல்லக்கா, வெறும் சாம்பிள்" என்றாள். நானும் ஓடிப்போய் "சாம்பிள்தான் ஆண்ட்டி, சாம்பிள்தான்" என்று சாட்சி சொன்னேன். அவர் என் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார்.

பட்டைகளை இணைத்து, உள்ளே மெத்தென்று பழைய சேலை மடிப்புகளை வைத்து, மூன்று பக்கம் ஓரம் அடித்தாயிற்று. நாலாவது பக்கத்தை அப்படியே விட்டுவிட்டாள். வாரங்கள் போயின. அப்பாவுக்கு அது பொறுக்கவில்லை. அவர் கம்பெனியில் வண்டிப் பாகங்களைச் சோதித்து அனுப்புகிறவர். குறையோடு ஒரு பொருள் கண்ணில் பட்டால் அவருக்குச் சோறு இறங்காது.

அம்மாவுக்கு ஓவர்டைம் வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பா தானே மிஷினில் உட்கார்ந்தார். நான் துணியைத் தாங்கிப் பிடித்தேன். சாலையில் கோடு போடுகிறவர் மாதிரி மூச்சைப் பிடித்துக்கொண்டு நாலாவது ஓரத்தை அடித்து முடித்தார். வளைந்திருந்தாலும் மூடிவிட்டது. இருவருக்கும் பெருமை தாங்கவில்லை.

அம்மா வந்தாள். பார்த்தாள். பையைக்கூடக் கீழே வைக்கவில்லை.

"யாரு உங்கள முடிக்கச் சொன்னது?"

"ஒரு பக்கம் வுட்டுட்டியேன்னு..."

"முடிக்கக் கூடாதுன்னுதாங்க வுட்டு வச்சன்!"

அம்மா அப்படிக் கத்தி நான் கேட்டதில்லை. அப்பா முதலில் விழித்தார். பிறகு அவர் முகம் மெதுவாக மாறியது. "எனக்குத் தோணவே இல்ல" என்றார். இரண்டு பேரும் தரையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு முனையிலிருந்து அந்தத் தையலைப் பிரித்தார்கள். அம்மாவின் கண்ணீர் துணியில் விழுந்துகொண்டிருந்தது. அப்பாவின் தையல் அவ்வளவு மோசமா என்று எனக்கு அவர்மேல் பாவமாக இருந்தது.

கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில் சித்திக்குப் பெண் குழந்தை பிறந்தது. குழந்தையைப் பார்த்துவிட்டு மத்தியானம் வீடு திரும்பிய அம்மா, சேலைகூட மாற்றாமல் மிஷினில் உட்கார்ந்தாள். திருகை வாத்துக்குத் திருப்பினாள். துணியை இழுக்கவே இல்லை. வாத்துகள் குண்டு குண்டாக, ஒன்றன்பின் ஒன்றாக, திறந்திருந்த ஓரத்தை மூடிக்கொண்டு போயின. நான் பின்னாலிருந்து தாளைக் கிழித்துக்கொண்டே வந்தேன்.

பெயர் வைக்கும் நாளில், சூளகிரியில் அந்தப் போர்வையில்தான் குழந்தையைக் கிடத்தினார்கள். எல்லோரும் வாத்துகளைத் தொட்டுப் பார்த்தார்கள். தாள் கிழித்தவள் என்ற உரிமையில் நானும் ஏதாவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது.

"எங்க மிஷின் உறையும் இதே அளவுதான் சித்தி. அதுலயும் பாப்பாவ படுக்க வைக்கலாம்."

அம்மா கையில் இருந்த தட்டிலிருந்து ஒரு லட்டை எடுத்து என் வாயில் திணித்தாள். சித்தி மட்டும் நிதானமாக என்னைப் பார்த்தாள்.

"தெரியும் கண்ணு. அது மிஷின் மேலயே இருக்கட்டும்" என்றவள், அம்மாவின் கையைப் பிடித்தாள். "இனிமே நான் வர்றப்ப அத எடுத்து ஒளிக்காத அக்கா. உன் கை என்னா பண்ணுச்சு, பாவம்."

நான் தவழ்ந்துகொண்டிருந்த காலத்தில் சித்திக்கு ஒரு குழந்தை பிறந்தது. அது கண்ணைத் திறக்கவே இல்லை. அதற்காக ஆசை தாங்காமல், வழக்கத்தை மீறி, அம்மா முன்கூட்டியே நாலு ஓரமும் அடித்து முடித்து வைத்த போர்வைதான் எங்கள் மிஷின் உறை. தன் கை அவசரப்பட்டதால்தான் அப்படி ஆயிற்று என்று அத்தனை வருடமும் அம்மா நம்பியிருந்தாள். யாருக்கும் கொடுக்கவும் மனமில்லை, எறியவும் மனமில்லை.

இதெல்லாம் எனக்குத் தெரியவந்தபோது நான் காலேஜ் முடித்திருந்தேன். அன்றைக்கு என் வாய் நிறைய லட்டு, மனசு நிறைய ஒரே கேள்வி: சித்தி கண்ணிலேயே படாத உறை அவளுக்கு எப்படித் தெரியும்? அப்பாதான் போட்டுக்கொடுத்திருக்க வேண்டும் என்று முடிவு செய்து, ஓசூர் வந்து பஸ் இறங்கும்வரை அவரோடு பேசாமலே வந்தேன்.